48 மணித்தியாலத்தில் படம் எடுத்துத் தோற்பது எப்படி?

2001இல் வாஷிங்டனில் மார்க் ரப்பர்ட், லிஸ் லாங்ஸ்டன் என்ற இருவர் தொடக்கிவைத்த விளையாட்டு இது. வெள்ளி மாலை சீட்டுக் குலுக்கி பேய்ப்படமோ பகிடிப்படமோ ஒன்றை உங்கள் தலையில் கட்டுவார்கள். ஒரு பாத்திரம், ஒரு பொருள், ஒரு வசனம் எல்லாக் குழுவுக்கும் பொது. ஞாயிறு மாலைக்குள் நாலு முதல் ஏழு நிமிடப் படத்தை ஒப்படைக்க வேண்டும். 2011இல் தொடங்கிய இந்தியா ஃபிலிம் புரொஜெக்ட் கொஞ்சம் இரக்கப்பட்டு 50 மணித்தியாலம் கொடுத்தது. கல்முனைப் பக்கத்துப் பொடியன்மார் இப்படியொன்றில் இறங்குவதானால், தோல்வியை உறுதிசெய்யச் சில வழிகள் உண்டு.

கதையை முன்கூட்டி எழுதக் கூடாது, ஆளும் கமராவும் இடமும் பிடித்துவைக்கலாம் என்பது விதி. நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். மாதக்கணக்காக மனதில் அழுதுகொண்டிருக்கும் காதல் கதையைத் தயாராக வையுங்கள். கமராவை வெள்ளி இரவு மச்சானிடம் கேளுங்கள். அவர் அதைச் சம்மாந்துறைக் கல்யாண வீட்டுக்குக் கொடுத்திருப்பார். சீட்டில் பகிடிப்படம் விழுந்தால் என்ன, காதலன் வட்டிலப்பம் தொண்டையில் சிக்கிச் சாகட்டும். காதலி தொலைபேசியின் மறுமுனையிலேயே இருக்கட்டும். நடிகை தேடி எந்த உம்மாவிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை.

அந்திச் சூரியன் கடலில் இறங்கும் காட்சி கட்டாயம். கொழும்புக்காரர் எடுத்தால் நாமும் எடுக்க வேண்டும். நம்முடைய கடல் கிழக்கே கிடக்கிறது, சூரியன் வயல் பக்கம்தான் இறங்கும் என்பதெல்லாம் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு, கமராவைக் கடலுக்கு நேரே நட்டபின் தெரியவந்தால் போதும். மறுநாள் சுபஹோடு போய் உதயத்தை எடுத்துப் பின்னோக்கி ஓட்டுங்கள். அலை கரையைவிட்டுக் கடலுக்குள் ஓடும், காகம் வால்பக்கமாகப் பறக்கும். நடுவர்கள் குறியீடு என்று நினைக்கலாம்.

மைக் வேண்டாம், போனே போதும். கடற்காற்று அழகாகப் பதியும். பாதி வசனத்தில் லுஹர் வாங்கு தொடங்கும். ஒரு பள்ளி முடிக்க மறுபள்ளி சொல்லும். வாங்கு நேரம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இயக்குநருக்கு மட்டும் தெரியக் கூடாது.

இது பகிடியில்லை: 2004 சுனாமியைக் கிராபிக்ஸில் காட்டப் போகாதீர்கள். இந்தக் கரையில் உங்கள் படத்தைப் பார்க்க வரும் பெரியவர்கள் அதை நேரில் பார்த்தவர்கள்.

எடிட்டிங்கை ஞாயிறு பின்னேரம் தொடங்குங்கள். முதலில் தயாரிப்பாளர், இணைத்தயாரிப்பாளர், பிளேன்டீ வாங்கித் தந்த காக்கா என்று பெயர் ஓடவிடுங்கள். மிச்ச நேரத்தில் படம். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்து பழகிய நாட்டில் லேப்டொப்புக்கு முன்கூட்டியே சார்ஜ் போடுவது கோழைத்தனம். கரண்ட் போனால் திரும்பி வரும்.

பிந்தி வந்த படத்தையும் அந்த வாஷிங்டன்காரர் திரையிடத்தான் செய்கிறார்கள். சிறந்த படத்துக்கான பரிசுக்கு மட்டும் எடுக்கமாட்டார்கள்.