லயத்துக்கு எத்தனை கேவிஏ?

கேள்வி: எங்கள் தோட்ட லயத்தில் 40 வீடுகள். 100 கேவிஏ மின்மாற்றி போதும் என்கிறார் பொறியாளர். எதற்கும் இருக்கட்டுமென்று 300 போட்டால் என்ன, ஐயா? (வாசகர், பகாவ், நெகிரி செம்பிலான்)

பதில்: அந்த ‘எதற்கும்’ தூங்காமல் மின்சாரம் தின்னும்! லயமே உறங்கினாலும் மின்மாற்றியின் இரும்பு உள்ளகத்தில் இழப்பு நிற்காது. பெரியதில் அது கூடுதலாக 300 வாட் என்று வையுங்கள். ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கு 2,628 யூனிட் வீண்.

40 வீட்டிலும் ஒரே நொடியில் சோற்றுப்பானையும் இஸ்திரிப்பெட்டியும் சூடாவதில்லை. மாலை உச்சத்தில் வீட்டுக்குச் சராசரி ஒன்றரை கிலோவாட் என்றால் மொத்தம் 60 கிலோவாட். திறன் காரணியையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 67 கேவிஏ. தோட்டத்தில் செம்பனை எண்ணெய் ஆலை இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரும்பாலும் அது செம்பனை நாரையும் ஓட்டையும் எரித்துத் தன் மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். கோயில் திருவிழாவுக்கு? கல்யாணக் கூட்டத்தை எண்ணி யாரும் வீடு கட்டுவதில்லை. எண்ணெயில் குளிரும் மின்மாற்றி சில மணி நேர மிகைச்சுமையைத் தாங்கும்.

அதற்காக 50-ஐ வாங்கிவிடாதீர்கள். செம்புச் சுருளின் இழப்பு சுமையின் வர்க்கமாக ஏறும்: சுமை இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு. தினமும் மாலையில் வெந்துபோனால் ஆயுள் குறையும். இருட்டில் உட்காருவது தொழிலாளர் குடும்பம்தான்.

பொறியாளர் சொன்ன 100-தான் சரி. மிச்சமாகும் பணத்தில் மின்மாற்றியை லயத்தின் நடுவில் நிறுத்தி, தடித்த கம்பி இழுங்கள். கடைசி வீட்டு மின்விசிறி சோர்ந்து சுற்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் நீண்டு மெலிந்த கம்பிதான்.