தாய்மாமன் வட்டி

குழந்தை கையில் ஐஸ்கிரீமைப் பார்த்துவிட்டால் போதும், என் மச்சான் சட்டைப் பையிலிருந்து பேனா வெளியே வந்துவிடும். "இது 40 ரூபாய்னா நினைக்கிறீங்க மாப்பிள்ளை? செல்வமகள் சேமிப்புத் திட்டத்துல போட்டா 8.2 சதவீதம். 21 வருஷத்துல 209 ரூபாய்!"

கணக்குப் போட இன்ன காகிதம் என்றில்லை. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், மளிகைக்கடை பில், மருந்துச் சீட்டு, எது அகப்பட்டாலும் சரி. தியேட்டரில் 150 ரூபாய் பாப்கார்ன் அவர் பேனா பட்டதும் 785 ஆனது. அவர் எழுதி முடிப்பதற்குள் பாப்கார்ன் நமுத்துப் போனது.

"அப்ப இதே பாப்கார்ன் என்ன விலைண்ணே விக்கும்?" என்று அவர் தங்கை, அதாவது என் மனைவி, கேட்டாள்.

"அது வேற கணக்கும்மா" என்று பேனாவை மூடிவிட்டார்.

மூன்று மாதத்துக்கொரு தடவை அரசாங்கம் வட்டியை அறிவிக்கிறது. 2015இல் 9.1 என்று தொடங்கிய திட்டம், நடுவில் 7.6 வரைக்கும் இறங்கித்தான் ஏறியது. மச்சான் பேனாவில் மட்டும் 8.2 இருபத்தோரு வருஷத்துக்கும் அசையாது.

நல்ல மனுஷன்தான். போஸ்ட் ஆபீஸில் கணக்குத் தொடங்க அவர்தான் கூட வந்தார். பாப்பா போட்டோவின் ஓரம் நிமிராமல் கட்டைவிரலால் நீவி ஒட்டினார். நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்துத் தந்தார். வருஷத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடிருக்கும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். வரிசையில் நின்ற முன்பின் தெரியாத அம்மாவிடமும், "பொண்ணுக்குப் பத்து வயசு ஆகலையே? இன்னிக்கே போட்டுடுங்க" என்று படிவம் நிரப்பிக் கொடுத்தார்.

அந்த 250ஐ நினைவில் வைத்திருந்தவர், காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக அதையேதான் செய்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், நடுவில் எங்கள் பாஸ்புக். உள்ளே 250 ரூபாய் வரவு. "தோடுன்னா செய்கூலி, சேதாரம்னு போயிடும் மாப்பிள்ளை. இது அப்படியே வளரும்." தோட்டை நாங்களே வாங்கிக் குத்தினோம்.

வளரட்டும் மச்சான், வேண்டாம் என்று யார் சொன்னது? பொண்ணு பத்தாவது தாண்டினால்தான் படிப்புக்கென்று அதில் பாதியாவது எடுக்க முடியும். எல்.கே.ஜி. பீஸை இந்த ஜூனில் கட்டச் சொல்கிறார்கள். நீங்கள் ஒரு ஜோடி தோடு போட்டிருந்தால் அடகாவது வைத்திருப்போம்.