கிட் கார் கனவான்

இங்கிலாந்தில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் இப்படி ஒருவர் அகப்படுவார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வீட்டுக் கடன் அடைந்திருக்கும். முதுகில் லேசாக ஒரு பிடிப்பு. வாசலில் சாம்பல் நிறத்தில் சாதுவாக ஒரு குடும்பக் கார் நிற்கும். அதை வைத்து ஆளை எடைபோட்டுவிடக் கூடாது. மனசுக்குள் அவர் ஓட்டிக்கொண்டிருப்பது கதவில்லாத, கூரையில்லாத, உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் தார் ரோட்டைத் தொடலாம் என்கிற ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார். அந்தக் காரை அவர் இன்னும் வாங்கவில்லை, கட்டவும் இல்லை. யாரோ கட்டி ஓட்டிய பழைய கிட் காரை வாங்குவதா, பெட்டி பெட்டியாகப் பாகங்களை இறக்கித் தானே பூட்டுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது தொடங்கிய யோசனை. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

அவரிடம் போய் கிட் கார் என்றால் என்ன என்று கேட்டுவைக்காதீர்கள். 1957-இல் ஆரம்பிப்பார். அந்த வருஷம்தான் காலின் சாப்மன் லோட்டஸ் செவனைக் கொண்டுவந்தார். அந்நாளில் பிரிட்டனில் முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் கிடையாது. எனவே சாப்மன் காரைப் பாகங்களாகவே விற்றார். எப்படிப் பூட்டுவது என்று கையேடு கொடுத்தால் வரிக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்று, எப்படிக் கழற்றுவது என்று ஒரு கையேடு கொடுத்தாராம்; வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படித்துக் காரைக் கட்டினார்களாம். இந்தக் கட்டம் வரும்போது நம்மவர் முகத்தைப் பார்க்கவேண்டும். அந்த வரியை மிச்சம் பிடித்ததே இவர்தான் போலிருக்கும். 1967-இல் வந்த ‘தி பிரிசனர்’ தொலைக்காட்சித் தொடரில் பேட்ரிக் மெக்கூஹன் அந்தக் காரை ஓட்டியது, 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்து பழைய சலுகை போனது, அதே வருஷம் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாமுக்குக் கைமாறியது என்று வரிசையாக வரும். சலுகை போயும் ஆசை போகவில்லை. கேட்டர்ஹாம் இன்றும் அந்தக் காரைப் பாகங்களாக விற்கிறது, நம்மவர் அதன் விலைப்பட்டியலை இன்றும் படிக்கிறார்.

விலைப்பட்டியலைப் படித்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுப்பார். ரான் சாம்பியன் எழுதி 1996-இல் வந்தது. 250 பவுண்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டிவிடலாம் என்று அட்டையிலேயே ஆசை காட்டும். இரும்புக் குழாயை அறுத்து நீங்களே சேஸிஸ் பற்றவைக்க வேண்டியது. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டிலிருந்து உருவிக்கொள்ள வேண்டியது. இதில் ஒரே சிக்கல், அந்த எஸ்கார்ட்டையே இன்று சேகரிப்பாளர்கள் கொட்டிக்கொடுத்து வாங்குகிறார்கள். ஆகவே ஃபோர்டு சியரா, அதுவும் கிடைக்காமல் போனபிறகு மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று கிட் கார் உலகம் நகர்ந்துவிட்டது. நம்மவர் மட்டும் புத்தகத்தில் முப்பத்தைந்தாம் பக்கத்தில் ஒரு அடையாளச் சீட்டை வைத்து மூடுவார்.

கணக்கு என்று வந்தால் எக்செல் இருக்கிறது. ஒரு பக்கம் கட்டுகிற செலவு, மறுபக்கம் பழசு வாங்குகிற செலவு. கட்டுகிற பக்கத்தில் டயர் உண்டு, பெயின்ட் உண்டு, ரிவெட் கூட உண்டு. எஞ்சினைத் தூக்கும் கிரேன், டார்க் ரெஞ்ச், வெல்டிங் மெஷின் வகையறா எதுவும் இருக்காது. அவை கருவிகள்; கருவி என்பது செலவில் சேராது, மனைவி பார்க்காத இன்னொரு ஷீட்டில் சேரும். இத்தனை தில்லுமுல்லுக்குப் பிறகும் பழசுதான் மலிவு என்று எக்செல் சொல்கிறது. சொல்லத்தான் செய்யும். கட்டி முடித்த கிட் கார் பெரும்பாலும் அதிலுள்ள பாகங்களின் விலைக்குக்கூட விற்பதில்லை. கட்டியவனுடைய இரண்டு குளிர்காலத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. நம்மவருக்கும் தெரியும்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார் பார்க்கக் கிளம்புகிறார். நம்மூரில் பெண் பார்க்கப் போவது போலத்தான். போன இடத்தில் டீ, பிஸ்கட் உபசாரம் நடக்கும். அப்புறம் ஷூவைக் கழற்றுவார். செவன் மாதிரிக் காரில் மூன்று பெடலும் அவ்வளவு நெருக்கம். ஷூ போட்ட காலால் பிரேக்கை மிதித்தால் ஆக்சிலேட்டரும் சேர்ந்து இறங்கும். விற்பவர் ஸ்டீயரிங்கையே கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள, நம்மவர் பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சீட்டின் மேல் ஏறி நின்று, காலை முதலில் விட்டு, மெதுவாக உள்ளே இறங்குவார். இறங்கியதும் ‘ப்ரூம்’ என்ற சத்தம் வாய்க்குள்ளேயே கேட்கும். ஏறி வெளியே வர இரண்டு பேர் வேண்டும்.

வெளியே வந்தபின் பரீட்சை ஆரம்பம். டார்ச்சோடு கீழே படுத்து சேஸிஸ் குழாயில் விரலை ஓட்டுவார். பவுடர் கோட்டிங் எங்காவது கொப்புளித்திருந்தால் அடியில் துரு இருக்கிறது என்று அர்த்தம். சக்கரத்தைப் பிடித்து ஆட்டுவார். ஒவ்வொரு நட்டுக்கும் வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணுவார். விற்பவர் பெருமையாக ஒரு தடித்த ஃபைலை நீட்டுவார்; வாங்கிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் பில், கட்டிய ஒவ்வொரு நாளுக்கும் போட்டோ. “எல்லாம் என் கையாலேயே கட்டினது” என்பார். நம்மவருக்கு வயிற்றில் புளி கரைப்பது அங்கேதான். எண்பது மைல் வேகத்தில் போகும்போது, இன்னொருவர் கை முறுக்கிய நட்டை நம்பி உட்காரவேண்டுமே! “வீட்டுல கலந்துகிட்டு சொல்றேன்” என்று கிளம்பிவிடுவார்.

வீட்டில் கலப்பது இப்படி நடக்கும்.

“டாஷ்போர்டுக்குப் பின்னாடி ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுத்தியிருக்கான். நான் கட்டியிருந்தா பத்த வச்சிருப்பேன்.”

“குளியலறை ஷெல்ஃப் மாதிரியா?” என்பார் மனைவி. அந்த ஷெல்ஃப் இறங்கி ஒரு வருஷம் ஆகிறது.

என் ஓட்டு மனைவிக்குத்தான். ஆனாலும் நம்மவர் சளைப்பதில்லை. மே மாத ஆரம்பத்தில் வாரிக்‌ஷயரில் ஸ்டோன்லீ கிட் கார் கண்காட்சிக்கு அளவு நாடாவோடு போவார். கட்டுவது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் போவார். அங்கே யாராவது ஐவிஏ பரிசோதனை பற்றி வாயைத் திறப்பார்கள். வீட்டில் கட்டிய காரை ரோட்டில் விட வேண்டுமானால் 2009 முதல் இந்தப் பரிசோதனையில் தேறவேண்டும். அதற்குமுன் எஸ்விஏ என்று ஒன்று இருந்தது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை உரசக்கூடிய இடத்தில் எந்த விளிம்பும் கூராக இருக்கக் கூடாது, 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது மழுங்கியிருக்கவேண்டும். ஓடும் காரில் ஸ்டீயரிங்கை விட்டால் அது தானாக நேருக்குத் திரும்பவேண்டும். தேறுவதற்காக விளிம்பெல்லாம் ரப்பர் ஒட்டி, நட்டுக்கெல்லாம் பிளாஸ்டிக் தொப்பி மாட்டிக் கொண்டுபோவதும், தேறிய மறுநாளே அத்தனையையும் பிடுங்கி எறிவதும் அங்கே ஊரறிந்த ரகசியம். இதையெல்லாம் கேட்டதும், ஏற்கெனவே தேறிய பழைய காரே மேல் என்று வீடு திரும்புவார். கூடவே ஒரு ஸ்பானர் செட் வந்திருக்கும்.

அவருக்குக் கார் வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. இங்கிலாந்து மழையில் கூரையில்லாக் காரை வருஷத்தில் எத்தனை நாள் ஓட்டுவது? அவருக்கு வேண்டியது சாப்பாட்டுக்குப் பின் காரேஜுக்குப் போக ஒரு காரணம். ஒரு ரேடியோ, ஒரு ஹீட்டர், ஆறிப்போன டீ, பக்கத்தில் முடியாத வேலை ஒன்று. பழைய காரில் வேலை முடிந்திருக்கிறது. புது கிட்டில் வேலை தொடங்கவேண்டியிருக்கிறது. இரண்டும் அவருக்கு ஒத்துவராது.

அப்படிப்பட்ட ஒருவர் கண்ணில் ஒருநாள் அந்த விளம்பரம் பட்டது: ‘90 சதவீதம் முடிந்தது. வயரிங்கும் ஐவிஏவும் மட்டுமே பாக்கி. இடப் பற்றாக்குறையால் விற்பனை.’ வாங்கினாற்போலவும் ஆச்சு, கட்டினாற்போலவும் ஆச்சு! அன்று சாயங்காலமே பணம் கொடுத்துவிட்டார். டிரெய்லரில் வந்திறங்கியது சக்கரமில்லாத ஒரு சேஸிஸ், எண்ணெய் காய்ந்த ஒரு எஞ்சின், கூடவே போல்ட்டுகள் நிறைந்த ஐஸ்கிரீம் டப்பாக்கள். ஒரு டப்பாவின் மேல் ‘இடது’ என்று எழுதியிருந்தது. எதற்கு இடது என்று விற்றவருக்கும் தெரியவில்லை. அவரும் இன்னொருவரிடமிருந்து வாங்கியவர்தான்.

அப்போதிலிருந்து காரேஜில் தினமும் வெளிச்சம் தெரிகிறது. முதலில் கோணலாக அடித்திருந்த ரிவெட்டுகளைப் பிடுங்கினார். பிடுங்கினால் தகடு கழன்றது, தகடு கழன்றதும் பிரேக் குழாய் போன விதம் பிடிக்கவில்லை, அதையும் கழற்றினார். சாப்மனின் அந்தக் கையேடு நேர்ப்பக்கமாகவே பயன்பட்டிருக்கும்.

போன வாரம் கேட்டேன், எவ்வளவு முடிந்திருக்கிறது என்று.

கையைத் துடைத்துக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னார்: “70 சதவீதம்.”

“வாங்கும்போது 90 இருந்ததே?”

“அது அவன் கணக்கு” என்றார்.