மலைச்சரிவும் நெஞ்செரிச்சலும்: தெல்தோட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

கண்டி மலைப்பக்கத்துத் தெல்தோட்டையில் நெஞ்செரிச்சல் என்றொரு நோய் கிடையாது. உள்ளது கெஸ்ட்ரிக் மட்டுமே. அது முதுகில் பிடிக்கும், தோளில் ஏறும், தலைக்குள் சுற்றும், கடன்காரர் வரும் நாளில் விடியும் முன்பே தொடங்கும் (கண்டி–தெல்தோட்டை பஸ், பின்வரிசை மரபு, ஜன்னலோரப் பாடம்). இதுகுறித்து இருபெரும் பள்ளிகள் உண்டு. மாத்திரைப் பள்ளியினர் அமிலத்தைக் கூண்டில் ஏற்றுகின்றனர். கஷாயப் பள்ளியினர் மாத்திரையை ஏற்றுகின்றனர். அமிலத்தின் தரப்பை எவரும் கேட்கவில்லை. இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை வில்லியம் பிரவுட் 1824இல் வெளியிட்டார். அது புரதத்தின் செரிமானத்தைத் தொடக்கி வைக்கிறது, சோற்றோடு வரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்கிறது, தன் வேலையைத் தன் இடத்தில் பார்க்கிறது. இரைப்பைக்கு அதைத் தாங்கும் சளிப்படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள தசைவளையம் தளர்ந்தால் அமிலம் மேலேறுகிறது, எரிகிறது. ஆகவே குற்றம் அமிலத்தினது அல்ல, கதவினது. கதவு பழுதானாலும் தண்ணீர் தானாக மேட்டுக்கு ஏறாது என்பது பீலிக்கரையில் குடம் வைத்த எவருக்கும் தெரியும். இதிலிருந்து எமது கருதுகோள் பிறக்கிறது: நெஞ்செரிச்சல் அடிப்படையில் ஒரு சாய்மானப் பிரச்சினை.

எரிச்சல் நான்கு வகைப்படும். கல்யாண வீட்டு எரிச்சலுக்கு ஆய்வு தேவையில்லை. பஸ் எரிச்சல் கலஹா வளைவுகளுக்கு உரியது. பிரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள்கணக்கெடுப்புக்கு) முந்திய எரிச்சல், கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு வெறும்வயிற்றில் சாயத்தண்ணி குடிப்பதால் வருவது. இதற்குக் காலவரையறை செய்யும் ஒரு கிளைப்பள்ளி உண்டு: 1867இல் ஜேம்ஸ் டெய்லர் பக்கத்து லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார், 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தாக்கத் தொடங்கியது, எனவே அதற்கு முன் எரிந்த நெஞ்சுகள் கோப்பியால் எரிந்தவை, பின்னர் எரிந்தவை தேயிலையால் எரிந்தவை என்பது அவர்கள் வாதம். இரண்டிலும் கஃபீன் உண்டு என்பதால் இப்பாகுபாடு நோயாளிக்கு உதவாது. ஆனால் இதைக் கொண்டு ஒரு முதுகலைப் பட்டம் வாங்கலாம்.

நான்காவதான இராப்படுக்கை எரிச்சலே எமது பொருள். நெஞ்செரிச்சல்காரர் கட்டிலின் தலைமாட்டை 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்த வேண்டும், இடப்பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும், உண்டபின் மூன்று மணி நேரமாவது படுக்கக்கூடாது என்று வைத்தியர்கள் சொல்கின்றனர். இடப்பக்கம் படுத்தால் இரைப்பை உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே தங்குகிறது. தலையணையை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறு நெருக்கப்படும், பயன் குறைவு. தலைமாட்டுக் கால் இரண்டின் கீழும் செங்கல் வைப்பதே முறை. இப்போது தெல்தோட்டையைப் பாருங்கள். ஊரே சரிவு. இங்கே சமதரை என்பது இயற்கை தந்ததல்ல, மண்வெட்டி தந்தது. தலையை மேட்டுக்கும் காலைப் பள்ளத்துக்கும் வைத்து எங்கு படுத்தாலும் வைத்திய முறை தானாக நிறைவேறும். அப்படியிருந்தும் இவ்வூரில் நெஞ்சு எரிகிறது என்றால், யாரோ சரிவைக் கெடுத்திருக்க வேண்டும். கெடுத்தவர்கள் தொழிலாளர் லயங்களுக்காக மலையை வெட்டித் தரையை நிரவிய தோட்டத் துரைமார். அவர்கள்மீதான நீண்ட குற்றப்பட்டியலில் இது விடுபட்டது வரலாற்றாசிரியர்களின் கவனக்குறைவு. நிரவுவதற்கு முன் மக்கள் சரிந்தே படுத்தனர் என்பதற்குச் சான்று இல்லை. சான்றின்மை நம் ஆய்வுலகில் இதுவரை எவரையும் நிறுத்தியதில்லை. (எதிர்வாதம்: சரிந்து படுத்தவர் உருண்டிருப்பார், காண்க: கல்யாண வீட்டுப் பந்தி, மூன்றாம் சுற்று விளக்கவுரை, அதன்மேல் மாமனார் வழி மறுப்புரை, அம்மறுப்பின்மேல் வெற்றிலைத்தட்டோரம் எழுந்த மறுமறுப்பு, பாக்குச் சிதறியதால் முற்றுப்பெறாதது.)

மறுப்புகளைப் பார்ப்போம். கஷாயப் பள்ளியின் தீவிரப் பிரிவினர், எரிச்சல் வருவது அமிலம் குறைவதால், எனவே வினிகர் குடி என்கின்றனர். அப்படியானால் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் எரிச்சலைக் கூட்ட வேண்டும்; பெரும்பாலோரிடம் அது தணிக்கவே செய்கிறது. சோடாக்கரைசல் பள்ளியினர் ஏப்பத்தையே நிரூபணமாகக் காட்டுவர். சோடா அமிலத்தோடு சேர்ந்தால் உப்பு, தண்ணீர், காபனீரொட்சைட்டு உண்டாகும். ஏப்பம் அந்தச் சமன்பாட்டின் ஒலிவடிவமே தவிர குணமல்ல, அதிலுள்ள சோடியம் பிரஷர்காரருக்கு ஆகாது. பால் குடித்தால் சற்று நேரம் குளிரும், பின்பு அதுவே அமிலத்தைத் தூண்டும். மாத்திரைப் பள்ளிக்கும் ஒரு சொல். அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெடிடின் 1976இல் சந்தைக்கு வந்தது, அதன் பின்னணியிலிருந்த ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பெற்றார். இவை சிறிய சாதனைகள் அல்ல. ஆனால் ஒமெப்ரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். ரொட்டியும் கட்டைச்சம்பலும் உள்ளே போய் எரியத் தொடங்கிய பிறகு விழுங்கிவிட்டு 'மருந்து சரியில்லை' என்பது, பாமசி உறையில் பேனாவால் எழுதியதை வாசிக்காத உரைகாரர் மரபு. விழுங்கக் கஷ்டம், கறுத்த மலம், காரணமில்லாத எடைக்குறைவு, கைக்குப் பரவும் நெஞ்சுவலி ஆகியவற்றுக்கு இவ்வாய்வு பொருந்தாது. அங்கே கெஸ்ட்ரிக் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருப்பது ஆபத்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆக, இயற்கை வைத்தியம் என்று சீசாவில் விற்கப்படுபவற்றைவிட இயற்கையானது புவியீர்ப்பு. அதற்கு லேபல் இல்லை, கமிஷன் இல்லை, பக்கவிளைவு கழுத்துப் பிடிப்பைத் தாண்டாது. ஆகையால்தான் அதைப் பரிந்துரைக்க இரு பள்ளிக்கும் மனமில்லை. பகலுணவுக்குப் பின் மூன்று மணி நேரம் ஆட்களை நிமிர்ந்தபடி உட்கார வைக்கும் அமைப்பு ஒன்று ஏற்கனவே இருக்கிறது: ஆய்வுக் கருத்தரங்கு. தலைமையுரை தொடங்கியதும் முன்வரிசை முழுவதும் சரிந்துவிடுவது மட்டுமே அதன் குறை.