300 ஜி.எஸ்.எம். முகூர்த்தம்

தாய்மாமன் என்றால் சீர் வரிசையோடு வந்து நின்றால் போதும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். காகித ஞானமும் வேண்டுமாம். போன ஞாயிற்றுக்கிழமை, தங்கை மகள் கல்யாணத்துக்கு அழைக்க மாம்பலத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம். மனிதர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் பயபக்தியோடுதான் தட்டை வாங்கினார். உறையிலிருந்து பத்திரிகையை உருவினார். மாப்பிள்ளை பெயரைப் பார்க்கவில்லை, தேதியைப் பார்க்கவில்லை. மூலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் தேய்த்தார். “250தான் இருக்கும். 300ல போட்டிருக்கலாம்” என்றார். அந்த வீட்டுக் காபி எனக்குக் கசந்தது. அது எப்போதுமே கசக்கும் என்று தங்கை பிறகு சொன்னாள்.

கல்யாணப் பத்திரிகைக்குச் சரியான காகிதம் எது என்பதை இந்தக் கட்டுரையில் சொல்லிவிடப் போகிறேன். அதற்கு முன்னால் இந்தத் தடவல் விவகாரத்தைப் பேசித் தீர்த்தாக வேண்டும்.

நம்மில் தடவாதவர் யார்? புடவை எடுத்துப் பழகிய கைகள் பத்திரிகையை உள்ளங்கையால் நீவிப் பார்க்கும். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள். உள்ளே காந்தி தெரியாததில் அவர்களுக்குச் சின்ன ஏமாற்றம். அரசு அலுவலகத்தில் ஃபைல் கட்டியவர்கள் ஓரத்தைச் சுண்டிச் சத்தம் கேட்பார்கள். முகர்ந்து பார்க்கிற பெரியம்மா ஒருவரும் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார். என்ன வாசனை வந்தால் என்ன முடிவுக்கு வருவார் என்று கேட்க இதுவரை எவருக்கும் தைரியம் வரவில்லை.

தடவி முடிந்ததும் விலை. “ஒண்ணு நாப்பது ரூபா ஆகியிருக்குமா?” குறைத்துச் சொன்னால் முகம் வாடிவிடும், தங்களுக்கு அவ்வளவுதான் மரியாதையா என்று. கூட்டிச் சொன்னால், “எதுக்கு வீண் செலவு, குப்பைக்குத்தானே போகப் போகுது” என்பார்கள். குப்பைக்குப் போனால்தான் தேவலையே! போகாது. மேலே பிள்ளையார் இருக்கிறாரே, அவரை எப்படித் தூக்கிப் போடுவது? அதனால் பத்திரிகை முதலில் ஃபிரிட்ஜ் மேல் ஏறும், அங்கிருந்து டிவிக்குப் பின்னால், அங்கிருந்து பரண். எங்கள் வீட்டுப் பரணில், பேரன் பேத்தி எடுத்துவிட்டவர்களின் முகூர்த்தம்கூட இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் காலத்துப் பத்திரிகையிலாவது பின்பக்கம் மளிகைக் கணக்கு எழுதலாம். இப்போது வருகிற கனத்த அட்டைகளுக்கு லேமினேஷன் போட்டுவிடுகிறார்கள். ‘து.பருப்பு 1 கிலோ’ என்று எழுதினால் பேனா வழுக்கிக்கொண்டு போகிறது, பருப்பு நிற்க மாட்டேன் என்கிறது. பெட்டி மாதிரியே செய்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் என் மனைவி சேஃப்டி பின் போட்டு வைத்திருக்கிறாள். அந்தத் தம்பதிக்கு எங்கள் மனமார்ந்த ஆசிகள்.

எங்கே விட்டேன்? காகிதம்.

“கடையில வாங்கினா எல்லாரும் குடுக்கிற மாதிரிதான் இருக்கும். நாமே செய்வோம் மாமா” என்றாள் கல்யாணப் பெண். பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காகிதமும் கல்யாண அட்டையும் தவிர அந்தத் தெருவில் வேறு ஏதாவது விற்றால் அது டீயாகத்தான் இருக்கும். மேப்லித்தோ, ஆர்ட் கார்டு, மெட்டாலிக், டெக்ஸ்சர் என்று கடைக்காரர் மாதிரிகளை விசிறிக் காட்டினார். ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் இருக்கிறதோ அதுதான் ஜி.எஸ்.எம். ஜெராக்ஸ் எடுக்கிற தாள் 75 அல்லது 80. கௌரவம் என்பது 250க்கு மேல்தான் ஆரம்பிக்கிறது என்பது கடைக்காரர் கட்சி. பெண் கேட்டது பஞ்சுக் காகிதம், நாலு ஓரமும் கையால் கிழித்தாற்போல இருக்க வேண்டும், 300 ஜி.எஸ்.எம்.

வீட்டுப் பிரிண்டர் அந்த 300ஐ ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, கர்ரென்று உறுமிப் படுத்துக்கொண்டது. 250 வாங்கி வந்தோம். ஆமாம், மாம்பலத்துக்காரர் சொன்னது சரிதான். எரிச்சலே அதுதான்.

அச்சானதை என் அம்மா கையில் கொடுத்தோம். “என்னடி இது, எலி கடிச்ச மாதிரி இருக்கு? கல்யாணப் பத்திரிகை மூளியா இருக்கலாமா?” ஓரங்கள் அன்றிரவே கத்திரிக்குப் போயின. அடுத்தது மடிப்பு. காகிதத்துக்கும் இழை ஓடும் திசை உண்டு. அந்தப் போக்கில் மடித்தால் பணிந்து மடியும், குறுக்கே மடித்தால் முதுகு வெடித்து வெள்ளையாக நார் தெரியும். ஸ்டீல் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த ரீஃபிலால் கோடு அழுத்தி, கூடத்தில் குடும்பமே உட்கார்ந்து மடித்தோம். “அச்சகத்துல குடுத்திருந்தா இந்த மை செலவுல பாயசத்துக்கு முந்திரியே வாங்கியிருக்கலாம் மச்சான்” என்றார் தங்கை கணவர். பெண்ணைப் பெற்றவர், சொல்லட்டும்.

கடைசியில் மஞ்சள். வழவழப்பான ஆர்ட் கார்டு என்றால் மஞ்சள் ஒட்டாமல் உதிரும். பஞ்சுக் காகிதமோ ஆசையாக உறிஞ்சியது, உறிஞ்சியதோடு நிற்காமல் பக்கத்து எழுத்தையும் கூப்பிட்டது. எங்கள் பிரிண்டர் மை, ஈரம் பட்டால் கரைகிற ரகம். கீழ் மூலையில், தங்கள் நல்வரவை விரும்பும் பட்டியலின் கடைசியில் இருந்த மாப்பிள்ளையின் அத்தை பெயர், நீலமும் மஞ்சளும் கலந்து பச்சையாக ஓடிவிட்டது. எழுத்துப் பிழை என்றால் பேனாவால் திருத்தலாம். கரைந்துபோன அத்தையை என்ன செய்வது? அவருக்கென்று தனியாக ஒரு பிரதி அடித்து, குங்குமத்தை மட்டும் தொட்டு வைத்து, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் பெயரைத் தேடவே இல்லை. தடவிப் பார்த்துவிட்டு, “நல்ல கனம்” என்றார்.

சரியான காகிதம் எது என்று சொல்வதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் மண்டபத்திலிருந்து போன் வந்துவிட்டது. பந்திக்கு இலை விரிப்பதற்கு முன்னால் மேஜையில் விரிக்கிற பேப்பர் ரோல் எந்த ரகம் வேண்டும் என்று கேட்கிறார்கள். இனி இந்த வீட்டில் காகிதத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் நான் வெளிநடப்பு செய்வதாக இருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு வார்த்தை. தட்டோடு யார் வந்தாலும் பத்திரிகையை வாங்கித் தேதியைப் படியுங்கள், மண்டபம் எங்கே என்று பாருங்கள், கட்டைவிரலைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லை, தடவித்தான் ஆவேன் என்றால் தடவுங்கள். உங்கள் மொய்க் கவரை நாங்களும் தடவித்தான் பார்ப்போம்.