அடி–பிடி எதுகையும் பிறேக்குக்குள் காற்றும்: ஓர் ஆய்வு

பழைய காரின் பிறேக் குழாய்க்குள் காற்று எப்படிப் புகுகிறது என்ற கேள்விக்கு இதுவரை இரண்டு விடைகள்தாம் சொல்லப்பட்டு வந்துள்ளன. எங்கோ ஒழுகுகிறது என்பது ஒன்று. பெடல் அடித்தவருக்கு மூளையில்லை என்பது மற்றது. இரண்டாம் விடையைச் சாரதி ஆசனத்தில் இருந்தபடி பல தடவை கேட்டவர்கள் என்ற தகுதியில், நடுநிலை வழுவாத மூன்றாம் விடை ஒன்றை இங்கே முன்வைக்கிறோம். காற்றை உள்ளே விடுவது எதுகை.

ஆய்வுக்களம் யாழ்ப்பாணத்துக் கராஜ் ஒன்று. ஆய்வுப்பொருள் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். காருக்குக் கீழே மெக்கானிக் அண்ணை. மேலே, பெடலில் காலுடன், நாம்.

முதலில் அடிப்படை. அடைபட்ட நீர்மம் அமுங்காது. ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசைக்கும் குறையாமல் போகும் என்றார் பாஸ்கல். காற்று அப்படியல்ல. எவ்வளவு அமுக்கினாலும் சிரித்துக்கொண்டு சுருங்கி, விட்டதும் விரியும். ஆகவே குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் பெடல் பஞ்சுத் தலையணையாகிவிடும். ஆங்கிலேயர் இக்குமிழியை அகற்றுவதற்கு இரத்தம் வடிப்பதைக் குறிக்கும் சொல்லையே வைத்தார்கள். நம்மவர் ‘காத்து எடுக்கிறது’ என்கிறார்கள். அவர்கள் வெளியேறும் ஒயிலுக்காக இரங்குகிறார்கள், நாம் கள்ளனைப் பெயர் சொல்லிப் பிடிக்கிறோம்.

இத்துறை தொடக்கத்திலேயே செவிக்குழப்பத்தில் பிறந்தது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். நீர்ம பிறேக்குக்கு 1917இல் காப்புரிமை பெற்ற மால்கம் என்பவரின் குடும்பப் பெயரை ஊரார் எழுத்துக் கூட்டி ‘லொக்ஹெட்’ என்று கொன்றார்கள். மனிதர் பொறுக்கமாட்டாமல் ஒலிக்கிறபடியே லொக்ஹீட் என எழுத்தை மாற்றிக்கொண்டார். நம் மைனரின் பிறேக்கும் அந்த லொக்ஹீட் வகைதான்.

இனி நடைமுறை. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சில்லில் தொடங்க வேண்டும்: இடது பின்சில்லு, வலது பின்சில்லு, இடது முன்சில்லு, கடைசியாகச் சாரதிப் பக்கத்து முன்சில்லு. நிப்பிளில் ஒரு றப்பர் குழாய். அதன் மறுமுனை போத்தலில், ஒயிலுக்குள் அமிழ்ந்திருக்கும். கீழேயிருந்து ‘அடி’ என்றால் பெடலை மூன்று நான்கு தடவை அடிக்க வேண்டும். ‘பிடி’ என்றால் அமுக்கியபடியே வைத்திருக்க வேண்டும். அப்போது அண்ணை நிப்பிளைத் திறப்பார், குமிழி பொரியும், பெடல் தரைக்குப் போகும், நிப்பிள் மூடும். அதன் பிறகே ‘விடு’. நிப்பிள் திறந்திருக்கும் வேளையில் பிடிக்க வேண்டியவர் அடித்தால், அல்லது காலைத் தூக்கினால், போன காற்று வந்த வழியே வீடு திரும்பும்.

இப்போது யாப்புக்கு வருவோம். அடி, பிடி, விடு மூன்றும் நிரையசை. முதலிரண்டும் அப்பழுக்கற்ற எதுகை. மூன்றாவது வருக்க எதுகை. அடியையும் பிடியையும் பிரித்துக் காட்ட இருப்பது முதலெழுத்து மட்டுமே: ஒன்றில் ‘அ’, மற்றதில் உதட்டில் வெடிக்கும் ‘பி’. மல்லாந்து கிடப்பவர் வாயிலிருந்து கிளம்பும் அந்த முதலெழுத்து, வாயில் கவ்விய ஸ்பனரையும், சேற்றையும், தகரத் தரையையும், கால்மிதியையும் தாண்டி மேலே வருவதில்லை. வந்து சேர்வது ‘...டி’ மட்டும். மரியாதைப் பன்மையால் பயனுண்டா என்றும் சோதித்தோம். அடியுங்கோ, பிடியுங்கோ என்று எதுகை நீண்டதே தவிர ஒயில் வீணாவது குறையவில்லை.

செய்யுள் உறுப்புகளை எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என வரிசைப்படுத்திய முன்னோர் கராஜில் நின்றவர்கள் அல்லர். ஆனால் இரண்டு பின்சில்லும் முடிவதற்குள் நமக்கு முதலில் அடியும் அடுத்துத் தொடையும் அதே வரிசையில் நோகத் தொடங்கின.

இங்கே நம் கோட்பாட்டுக்கு ஒரு சோதனை வந்தது. நான்கு சில்லையும் மூன்று சுற்று முடித்தாயிற்று. குமிழி இல்லை. பெடல் கல்லாக நின்றது. ஆனால் காலை எடுக்காமல் அழுத்தி வைத்திருந்தால், அது மெல்ல மெல்ல, யாரோ கீழிருந்து இழுப்பதுபோல, தரைக்கு இறங்கியது. சில்லுகளில் கசிவில்லை, குழாய்களில் ஈரமில்லை.

“தம்பி, எதுகையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள்ளை வாஷர் போட்டுது” என்றார் அண்ணை.

அதாவது ஒயில் வெளியே ஒழுகவில்லை. தன்னைத் தள்ளும் றப்பர் வாஷரின் தேய்ந்த உதட்டைச் சுற்றி, உருளைக்குள்ளேயே பின்பக்கம் நழுவுகிறது. கணக்கில் காட்டாத களவு. கோட்பாட்டைக் கைவிட மனமின்றி அதன் எல்லையைச் சுருக்கிக்கொண்டோம்: பஞ்சுப் பெடலுக்கு எதுகை, இறங்கும் பெடலுக்கு வாஷர்.

மைனரின் மாஸ்டர் சிலிண்டர் இருப்பது சாரதியின் அடிக்கு அடியில், சட்டத்துக்குள். கால்மிதியைத் தூக்கி, ஒரு மூடியைக் கழற்றித்தான் ஒயில் விட வேண்டும். ஒயிலோடு செம்மண்ணும் போகும். கழற்றுவது அதைவிடக் கொடுமை. அதைப் பிடித்திருக்கும் இரு போல்ட்டுகளையும் வெளியே உருவவிடாமல் முன்சில்லின் டோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். அனுபவப்பட்டவர்கள் திரும்பப் பூட்டும்போது போல்ட்டைத் தலைகீழாகச் செருகிவிடுவார்கள். நமது காரில் இரண்டுமே தலைகீழாக இருந்தன. பெயர் தெரியாத அந்த முன்னாய்வாளருக்கு அண்ணை கீழே கிடந்தபடியே ஒரு கும்பிடு போட்டார்.

கழற்றிய உருளையைக் கழுவக் கராஜ் பொடியன் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடி வந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. 90களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் இத்தகைய கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. இவ்வூரில் அது சர்வரோக நிவாரணி. “அதைக் கொண்டு போடா! பிறேக் ஒயிலிலை கழுவு” என்று அண்ணை சத்தம் போட்டார். இதுவும் மொழிப்பிழைதான். பிறேக் ஒயில் என்று பெயரே தவிர, அது கிளைக்கோல் வகைத் திரவம். மண்ணெண்ணெய் பட்டால் அந்த றப்பர் ஊதி, உருளைக்குள் சிக்கும். அத்திரவத்துக்குத் தண்ணீர் மோகமும் உண்டு. டொட் 3 வகை புதிதில் 205 பாகையில் கொதிக்க வேண்டும், 3.7 வீதம் ஈரம் ஏறினால் 140 பாகை போதும். அந்த ஈரமே உருளையைத் துருவாக்கும். நல்லகாலம், சுவரில் பள்ளம் விழவில்லை. விழுந்திருந்தால் புது வாஷரையும் அது சுரண்டியிருக்கும்.

புது வாஷர் போட்டு, ஒயில் திரும்பும் ஊசித்துளையைத் துப்புரவாக்கி, பெடலுக்குக் கொஞ்சம் வெற்றசைவு விட்டுப் பூட்டியாயிற்று. அந்த அசைவு இல்லாவிட்டால் வாஷர் துளையை மறைத்து, சில்லுகள் இறுகியே நிற்கும்.

மறுபடி காற்று எடுக்க வேண்டும். கட்டளைச் சொற்களை ஒழித்து எண்ணிக்கைக்கு மாறலாம் என்று நாம் முன்மொழிந்தோம். அண்ணை ஒப்புக்கொண்டு எண்ணத் தொடங்கினார்: ஒண்டு, ரெண்டு, மூண்டு. மூன்றும் எதுகை! ஆசனத்தில் நடுங்கிப் போனோம். பிறகுதான் கவனித்தோம். எதுகைக்கு முதலெழுத்தும் அளவொத்து நிற்க வேண்டும். ஒவும் ரெயும் குறில், மூ நெடில். தகரத்தையும் கால்மிதியையும் துளைத்துக்கொண்டு ‘மூ’ மட்டும் தெளிவாக மேலே வந்தது. பிடித்தோம். பெடல் பாதி வழியில் நின்றது. அண்ணை வெளியே வந்து, கை துடைத்து, பீடி பற்றவைத்து முடிக்கும் வரை நின்றது.