நமத்துப்போச்சு அண்ணன்

பிஸ்கட்டை எடுத்ததும் வாய்க்குக் கொண்டுபோகிற ஆள் இல்லை அவர். காதுக்குத்தான் கொண்டுபோவார். இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நகத்தால் ஒரு தட்டு. கண்ணை மூடுவார். கோப்பி ஆறிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்புறம்தான் தீர்ப்பு வரும்.

"நமத்துப் போச்சு."

டின்னைத் திறந்தது போன மாதமா, இந்த நிமிடமா என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. அவர் அப்பா கோலாலம்பூர் சென்ட்ரல் மார்க்கெட்டில் பிஸ்கட் கடை வைத்திருந்தவர். அது ஒன்று போதும்.

உங்கள் வட்டாரத்திலும் ஒருவர் இருப்பார். துணிக்கடை வாரிசாக இருந்தால் நீங்கள் கட்டியிருக்கும் வேட்டியின் கரையைத் திருப்பிப் பார்ப்பார். நகைக்கடை வாரிசு என்றால் உங்கள் மனைவி பக்கத்தில் வராமல் இருப்பதே நல்லது. சுங்கை வேக்காரர்களான எங்களுக்கு வாய்த்தது பிஸ்கட்.

பெயர் சூட்டு விழா, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டுப் போகிற வீடு என்று எங்கே தட்டு நீட்டினாலும் அங்கே நகம் தட்டும். ஒருமுறை துக்க வீட்டில் கிரீம் கிராக்கர் வைத்தார்கள். அண்ணன் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மரியாதைக்கு, "என்னண்ணே பாக்கறீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார். "இந்த ஓட்டை சும்மா போடலப்பா. இது வழியாத்தான் ஆவி வெளிய போகும். போகலன்னா அப்படியே உப்பிடும்" என்றார் அண்ணன், கூடம் முழுக்கக் கேட்கிற குரலில். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த மகன் திரும்பிப் பார்த்தான்.

சொன்னது தப்பில்லை என்பதுதான் நம் தலையெழுத்து. சூளையில் மாவுக்குள் கிளம்பும் நீராவி வெளியேறத்தான் ஓட்டை. பிஸ்கட் நமத்துப்போவதற்கும் அவர் சொல்லும் காரணம் சரிதான்: ரொட்டியைத் திறந்து வைத்தால் விறைக்கும். ஈரமில்லாமல் வறளச் சுட்ட பிஸ்கட், நம்மூர்க் காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு துவளும். கிரீம் கிராக்கர் 1885இல் டப்ளினில் ஜேக்கப் கம்பெனி செய்தது, ஹப் செங், ஹவா தாய், மன்ச்சீஸ் மூன்றும் ஜொகூர் பத்து பகாட்டில் பிறந்தவை, இதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். டப்ளின் என்று சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு சொந்தம் தொனிக்கும். அப்பா நேரில் போய்ச் சரக்கு எடுத்து வந்த ஊர் போலும்.

கடையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அன்று வேறு வேலை பார்க்க முடியாது. முகத்தில் கண்ணாடி பதித்த சதுர டின்கள், கட்டிக் கணக்கில் நிறுத்த தராசு (ஒரு கட்டி என்றால் சுமார் 605 கிராம்), பழைய பேப்பரில் சுருட்டிய பொட்டலம், சீனிப்பூ வைத்த குட்டி பிஸ்கட்டுக்கு அழுத பிள்ளைகள். ஒரு பக்கம் மீன் வாசம், ஒரு பக்கம் காய்கறி, நடுவில் அப்பா. 1888இல் தொடங்கிய மார்க்கெட் அது. இப்போது நிற்கும் கட்டடம் 1930களில் எழுந்தது. 1980களில் இடிக்கப் பார்த்தார்கள். பழைய கட்டடங்களுக்காகப் போராடுகிறவர்கள் தடுத்து நிறுத்தினார்கள். கட்டடம் பிழைத்தது. மீனும் காய்கறியும் போய்க் கைவினைப் பொருள்கள் வந்தன.

அங்கே அவரோடு போகிற பாக்கியமும் எனக்குக் கிடைத்திருக்கிறது. முதல் தடவை, அப்பா கடை இருந்த இடத்தில் பாத்தேக் சட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள். அடுத்த தடவை அதே இடம் சாவிக்கொத்துக் கடைக்கு வந்துவிட்டது. பிறகு ஐஸ்கிரீம் பக்கம். கடை நகர்ந்துகொண்டே இருக்கிறது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் வாசலுக்கு அருகில், நல்ல வியாபாரம் நடக்கிற இடமாகப் பார்த்துத்தான் நகர்கிறது.

ஒரே ஒரு நாள் அவர் தட்டாமல் சாப்பிட்டுப் பார்த்தேன். என் வீட்டில் டின் கீழே விழுந்து பிஸ்கட்டெல்லாம் நொறுங்கிக் கிடந்தது. வேறு இல்லாமல் அதையே கிண்ணத்தில் அள்ளி வைத்தேன். அண்ணன் பேசாமல் ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தின்றார். "எங்களுக்கு உடைசல்தான்டா. முழுசு விக்கறதுக்கு" என்றார். அன்று அவர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

போன தீபாவளிக்குத் திரும்பி வந்துவிட்டது.

அண்ணனுக்குக் கிள்ளானில் ஓர் அக்கா இருக்கிறார். விடிவதற்கு முன்னால் எழுந்து அப்பாவோடு டின் தூக்கியது அவர். ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தராசுக்குப் பின்னால் நின்றது அவர். கடன் சொல்லிப் போனவர்களின் பெயரெல்லாம் இன்றைக்கும் அவருக்கு மனப்பாடம். தம்பி பள்ளிக்கூடம் போனார், அரசாங்க வேலைக்குப் போனார், ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து உடைசல் தின்றார். இதையெல்லாம் எனக்குச் சொன்னது அண்ணி, அந்தத் தீபாவளியன்று அடுப்படியில் வைத்து, தணிந்த குரலில். கூடத்தில் அண்ணன் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம கடை" பத்துத் தரம் வந்தது, "எங்க அப்பா" இருபது தரம். அக்கா அந்தக் கதையில் ஒரு தரமும் வரவில்லை. எதிர் நாற்காலியில் முட்டி வலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறார்! எனக்கு இது சிரிப்பாக இல்லை. அந்தக் கடையைப் பற்றிப் பேச ஒருவருக்குத்தான் உரிமை என்றால், அது அவருக்குத்தான்.

பிஸ்கட் தட்டு வந்தது. அண்ணன் எடுத்தார், காதுக்குக் கொண்டுபோனார், தட்டினார், கண்ணை மூடினார். "நமத்துப் போச்சு."

அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கோப்பியில நனைச்சுத்தானே திங்கப் போற? தின்னு."

தின்றார்.

ஆனால் அக்கா எல்லா வீட்டுக்கும் கூட வர மாட்டார். ஆகவே சுங்கை வே பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அண்ணன் படியேறுவது தெரிந்தால் பிஸ்கட் டின்னை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வாழைப்பழத்தை நீட்டுங்கள். அவர் வம்சத்தில் யாருக்கும் வாழைத் தோட்டம் கிடையாது. அண்ணியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுவிட்டேன்.